ஸ்டாப்பர் பெர்க்மான்ஸின் இரண்டாவது நிழல்

பெரியபாறைத்துறையில் ஒரு மனிதருக்கு இரண்டு நிழல் இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள், மீன் எடுக்க வரும் வியாபாரிகள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பார்கள், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் கும்பிட்ட கையை இறக்க மறந்து நிற்பார்கள். ஆனால் இருபத்தேழு வருஷமாக அதைத் தினமும் மிதித்தும் தாண்டியும் நடந்த எங்களுக்கு அது குருசடிக்குப் பக்கத்தில் நிற்கும் புன்னை மரத்தைப் போல, இருந்தால் இருக்கிறது என்று இருந்தது. முதல் நிழல் அவருடையது, நெட்டையாக, தோள் கொஞ்சம் சரிந்து, அவர் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். இரண்டாவது குட்டையாக, சுருட்டை முடியோடு, எப்போதும் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு, இப்போது கிளம்பட்டுமா என்று கேட்கிற மாதிரி இருக்கும். அது கஜபதியுடையது. கஜபதி யார் என்று சொல்வதற்கு முன்னால் பெர்க்மான்ஸ் யார் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி எங்களுக்கு எல்லாமே தெரியும் என்று நாங்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெர்க்மான்ஸ் சம்பளத்துக்குப் பந்து ஆடியவர். எங்கள் ஊர்க் காவல் தூதர் மிக்கேல் சம்மனசு திருவிழாப் போட்டியில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தவரைப் பதினேழு வயதில் மதராஸ் வங்கி அணி ஒன்று வந்து கூட்டிக்கொண்டு போனது. மதராஸிலிருந்து கோவா, கோவாவிலிருந்து கல்கத்தா, கல்கத்தாவில் பச்சைச் சட்டைக்காரர்களுக்காக ஒன்பது வருஷம். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனைத் தடுக்கிற ஸ்டாப்பர் அவர். பதினாறு வருஷத்தில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. பத்திரிகையில் வந்த ஒரே படத்திலும் எதிரணிக்காரனின் தோளுக்குப் பின்னால் அவருடைய ஒரு காது மட்டும் தெரியும், அதை வெட்டி எங்கள் ஊர்க் கால்பந்து மன்றத்துச் சுவரில் ஒட்டி, அந்தக் காதுக்கு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் எதிரணியில் எவன் பெரிய ஆளோ அவனைப் பெர்க்மான்ஸிடம் ஒப்படைத்துவிட்டு மற்ற பத்துப் பேரும் நிம்மதியாக ஆடலாம் என்பது கல்கத்தாவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவரைத் தாண்டி ஒருத்தனும் போனதில்லை. முட்டித் தள்ளிப் பார்த்தார்கள், முழங்கையால் இடித்துப் பார்த்தார்கள், தாயைத் திட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அவர் எவன் முகத்தையும் பார்ப்பதில்லை. முகம் ஏமாற்றும், கண் ஏமாற்றும், தோள் ஒரு பக்கம் போகிற மாதிரி காட்டிவிட்டு மறு பக்கம் போகும், இடுப்பு மட்டும் போகிற பக்கத்துக்குத்தான் போகும் என்று யாரோ ஒரு வங்காளிப் பயிற்சியாளர் அவருக்குச் சொல்லிக்கொடுக்க, அன்றிலிருந்து அவர் மனிதர்களை இடுப்பிலிருந்து கீழேதான் பார்த்தார்.

அவருடைய முப்பத்துமூன்றாவது வயதில், அவரே கடைசி ஆட்டம் என்று முடிவு செய்துவிட்ட ஒரு கோப்பை இறுதிப் போட்டியில், எதிரணியில் வந்து நின்றவன்தான் கஜபதி. வியாசர்பாடிப் பையன், இருபத்துநாலு வயது, அந்த வருஷம் முப்பத்தோரு கோல் அடித்திருந்தான். "அவன் தண்ணி குடிக்கப் போனாலும் நீ கூடப் போ" என்று பெர்க்மான்ஸிடம் சொன்னார்கள், அவரும் அப்படியே போனார். மதியம் மூன்று மணி வெயிலில் தொடங்கி, கூடுதல் நேரமும் சேர்த்து நூற்றிருபது நிமிஷம், அவன் நின்றால் நின்று, திரும்பினால் திரும்பி, மூச்சு விட்டால் மூச்சு விட்டு, அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு அவனை ஒரு தடவைகூடத் தன்னைத் தாண்ட விடவில்லை. ஆட்டம் முடிந்தது, கோப்பை கிடைத்தது, மாலையெல்லாம் போட்டார்கள். மறுநாள் காலை ஹௌரா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஊருக்கு வர ரயிலுக்கு நிற்கும்போது குனிந்தே பழகிய அந்த மனிதர் தன் குதிகாலிலிருந்து இரண்டு நிழல் கிளம்பிக் கிடப்பதைப் பார்த்தார். அத்தனை நேரம் ஒட்டி நின்றதில் கஜபதியின் நிழலுக்கு எவனுடைய கால் தன் கால் என்பது மறந்துபோயிருக்க வேண்டும். உடையவன் தேடிக்கொண்டு வருவான் என்று ரயில் கிளம்பும் வரை நின்றார், யாரும் வரவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் எங்கள் பாட்டன்மார் செய்த முதல் வேலை, பங்குப் பேரவையைக் கூட்டியது. இரண்டாவது நிழல் இந்துவாயிற்றே, கோயிலுக்குள் வரலாமா என்று ஒருத்தர் கேட்டார். அது அவருக்க கால்ல ஒட்டிக்கெடக்கு, அறுத்து வெளிய வைக்கவா முடியும் என்று இன்னொருத்தர் கேட்டார். அப்போதிருந்த பங்குச் சாமியார், ஃபாதர் இன்னாசி, ஒரு வாரம் யோசித்து, பலிபூசையில் அது ஒழுக்கமாகக் கிடந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அது ஒழுக்கமாகத்தான் கிடந்தது, சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்றத்தின்போது மட்டும் மற்ற நிழல்களெல்லாம் முழங்காலில் நிற்க, அது எம்பித் தலையால் பந்து முட்டுகிற மாதிரி ஒரு துள்ளல் துள்ளும், அதைப் பார்த்தும் பார்க்காததுமாக இருக்கப் பழகிக்கொண்டோம். கருவாடு காயப்போடுகிற பெண்கள் மட்டும் கொஞ்ச நாள் சண்டை பிடித்தார்கள், ஒரு ஆள் நடந்து போனால் ரெண்டு ஆள் வெயிலை மறைக்கிறது என்று. அதற்கும் வழி பிறந்தது, பெர்க்மான்ஸ் கருவாட்டுப் பாய்களுக்கு வடக்கே சுற்றி நடந்தார். பிள்ளைகள் நிழல் மிதித்து விளையாடினார்கள். பக்கத்து ஊரான கீழத்துறைக்காரர்கள் இது பன்னிரண்டாவது ஆள் என்று திருவிழாப் போட்டிக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். குழு விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, நிழலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஆட்ட நேரத்தில் அது கோட்டுக்கு வெளியே கிடக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. எங்கள் லாபம் எல்லாம் பயிற்சியில் இருந்தது.

ஏனென்றால் வந்த மாதமே பெர்க்மான்ஸ் மன்றத்துக்குப் பயிற்சியாளராகிவிட்டார். மரம் ஏறி இறங்கிய மத்தியானங்களில், அதாவது எங்கள் கட்டுமரங்கள் கரை ஏறி, மீன் விற்று, சோறு உண்டு முடிந்த பிறகு, பையன்களை மணலில் வரிசையாக நிற்க வைத்து நிழலை அவிழ்த்துவிடுவார். குதிகாலை ஒரு தடவை தரையில் தட்டுவார், அவ்வளவுதான், அது நீண்டு, விலகி, இருபத்துநாலு வயது வேகத்தில் மணலில் வழுக்கிக்கொண்டு வரும், இடது காலை இழுத்து ஒரு வெட்டு வெட்டும், அதைத் தாண்ட விடாமல் நிற்பதுதான் பாடம். "இடுப்பப் பாருலே, இடுப்பப் பாரு" என்று கத்துவார். நிழலுக்கு முகம் கிடையாது, ஆகவே எங்கள் பையன்கள் வேறு எதைப் பார்ப்பது? அப்படிப் பழகிய எங்கள் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி அக்கம்பக்கத்துத் துறைகளில் ஒருவனாலும் வர முடியவில்லை. பதினொரு கோப்பை எடுத்தோம். பெர்க்மான்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனோம், தூக்கும்போதும் நிழல் ரெண்டும் கூட வருகிறதா என்று தரையைத்தான் பார்த்தோம்.

கல்கத்தாவிலிருந்து திரும்பிய மூன்றாவது வருஷம் அவர் மனைவி புளோரா போய்விட்டாள். சண்டை ஒன்றுமில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்க மொகத்துல மச்சம் எந்தப் பக்கம் கெடக்குன்னு சொல்லும் பாப்போம்" என்று கேட்டிருக்கிறாள். அவர் யோசித்தார். முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் யோசித்தார் என்றால் அடுப்பில் வைத்த உலை பொங்கி அடுப்பை அணைக்கிற நேரம் யோசித்தார். "பன்னெண்டு வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கொல்லத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அவர் பஸ் வரைக்கும் போனார், படியில் ஏறுகிற அவளுடைய கால்களைப் பார்த்தார், தடுக்கவில்லை, பதினாறு வருஷம் வேறு எதுவுமே செய்யாத மனிதர் அன்றைக்கு மட்டும் தடுக்கவில்லை. ஆறு வருஷம் முன்னால் அவள் இறந்துபோனபோது எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். சவப்பெட்டியில் தலைப்பக்கம் இடம் விட்டு எல்லாரும் ஒதுங்கி நின்றும் பெர்க்மான்ஸ் கால்பக்கமே நின்றார். யாரும் அவரைத் தலைப்பக்கம் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு நிழல்தான் எல்லாம். வெயிலுள்ள மாதங்களில் சமாளித்துவிடுவார். ஆனியும் ஆடியும் வந்து வானம் மூடிக்கொண்டால் நிழல் காணாமல் போகும், அப்போது மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டில் விளக்கை ஏற்றி வைத்துக்கொள்வார். கடைக்குப் போகிற வழியில் அந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறோம். விளக்குக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு அவர் சாப்பிடுவார், சுவரில் ஒரு நிழல் சாப்பிடும், இன்னொன்று முழங்காலை மடக்கிக்கொண்டு காத்திருக்கும். அவர் அதனிடம் ஏதோ பேசுவார். என்ன பேசினார் என்று நாங்கள் நின்று கேட்டதில்லை.

இந்த வருஷத் திருவிழாக் கொடி ஏறிய ஆறாம் நாள், வியாழக்கிழமை, மத்தியான பஸ்ஸில் ஒரு ஆள் வந்து இறங்கினார். ஐம்பது வயசு இருக்கும், குட்டை, முன்தலை முழுக்க வழுக்கை, வலது முழங்காலில் ஒரு பட்டை கட்டியிருந்தார். உச்சிவெயில் சாய்ந்த நேரம், பஸ்ஸுக்கு நிழல் இருந்தது, பஸ் நிறுத்தத்துத் தூணுக்கு நிழல் இருந்தது, அவருக்கு இல்லை. டீக்கடை ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். இரண்டு நிழலுக்குப் பழகிய ஊர் இல்லையா, கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"நீங்க கஜபதியா?"

"ஆமாம்மா. எப்டி கண்டுபுடிச்ச?"

"ஒங்க சாமான் இங்கதான் கெடக்கு. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னதை நாங்கள் சுற்றி நின்று கேட்டோம். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் ஒரு கோலும் அடிக்கவில்லையாம். வெயிலில் ஓடும்போது கூட ஒன்று ஓடவில்லை என்றால், தான் ஓடுகிறோமா இல்லையா என்றே சந்தேகம் வந்து கால் நின்றுவிடுமாம். ஒரே வருஷத்தில் அணியை விட்டு அனுப்பிவிட்டார்கள். மைதானத்தில்தான் விழுந்திருக்கும் என்று மூன்று தடவை கல்கத்தா போய்த் தேடியிருக்கிறார். போன மாதம் மருமகன் போனில் காட்டிய ஒரு வீடியோவில், ஏதோ கடற்கரையில் ஒரு நிழல் இடது காலை இழுத்து வெட்டுவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அது எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மூஞ்சி இல்லன்னா இன்னா, என் வெட்டு எனக்குத் தெரியாதா?" என்றார். "இத்தினி வருசம் இல்லாம வாழ்ந்துட்டேன், இனிமே இன்னாத்துக்குன்னுதான் நெனச்சேன். எம் பொண்ணுக்கு ஒரு கொழந்த கீது, தன்ஷிகா, ரெண்டு வயசு. எல்லாரு நெழலையும் மிதிச்சு மிதிச்சு வெளாடும். என்னாண்ட வந்தா கீழ பாக்கும், ஒண்ணும் இல்ல, பயந்து அழுதுட்டு ஓடிரும். ஒரு தபா கூட என் கைக்கு வரலம்மா அது."

ஸ்டெல்லா டீக்குக் காசு வாங்கவில்லை.

பெர்க்மான்ஸ் மைதானத்தில் இருந்தார். கஜபதி கோட்டுக்கு வெளியே நின்று, "அண்ணே" என்றார். பெர்க்மான்ஸ் நிமிரவில்லை. வந்தவரின் இடுப்பைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், கால் மாற்றி நிற்பதைப் பார்த்தார். "கஜபதி" என்றார்.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமேண்ணே. நெழலு இங்க கீது, வந்து எடுத்துக்கினு போன்னு."

"போட்டிருந்தா நீ வந்திருப்ப" என்றார் பெர்க்மான்ஸ். அவர் வாயால் தன் தனிமையைப் பற்றிச் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான்.

கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். ஆனால் நிழல் போகவில்லை. கஜபதி கூப்பிட்டார், மண்டியிட்டுத் தட்டிக் கொடுத்தார், குதிகாலோடு குதிகால் ஒட்டி நின்று பார்த்தார். இப்போது கிழவராகிவிட்ட ஃபாதர் இன்னாசி, திருவிழாவுக்கு வந்திருந்தவர், தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். அது பெர்க்மான்ஸின் காலடியில் முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. கடைசியில் கஜபதிதான் கண்டுபிடித்தார். "அது இன்னா பண்ணும் பாவம்? அன்னிக்கு உன்னத் தாண்டணும்னு எறங்கிச்சு. இன்னும் தாண்டல. ஆட்டம் முடியலன்னு நெனச்சுக்கினு கீது."

அப்படியா என்று பெர்க்மான்ஸ் ஒதுங்கி நின்று வழி விட்டார். கஜபதி பந்தைத் தட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனார். நிழல் அசையவில்லை. இன்னொரு தடவை, தடுப்பது போல் காலை நீட்டி, வேண்டுமென்றே தவற விட்டார். நிழல் அசையவில்லை. விட்டுக் கொடுத்தது எது, தோற்றது எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் நிஜமாகவே தாண்ட வேண்டும் என்று ஆனது. ஐம்பத்தொரு வயதில், பட்டை கட்டிய முழங்காலோடு, வாலிபத்திலேயே முடியாததை.

வியாழன் மாலை நாற்பது தடவை முயன்றார், முடியவில்லை. வெள்ளி மாலை அறுபது தடவை. ஊர் முழுக்க மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டு பார்த்தது. பெர்க்மான்ஸுக்கும் அறுபது வயது, கால் முன்போல இல்லை, ஆனால் அந்தக் கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது. இடுப்பு இடது பக்கம் அசைவதற்கு அரை நொடி முன்னால் அவை இடது பக்கம் போய் நின்றன. அவர் மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவை பந்து அவர் காலில் மாட்டும்போதும் அவர் முகத்தில் சந்தோஷமும் வருத்தமும் மாறி மாறி வந்தது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், அது பொய், நாங்கள் எவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இங்கே எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கீழத்துறையோடு இறுதிப் போட்டி. வெள்ளி இரவுப் பூசை முடிந்து வரும் வழியில் மன்றத்துச் செயலாளர் ததேயுஸ் பெர்க்மான்ஸைக் குருசடிப் பக்கம் ஒதுக்கினான். "அண்ணே, ஞாயிறு கழியட்டும். கீழத்துறைக்காரன் இந்த வாட்டி நைஜீரியாக்காரன் ரெண்டு பேர எறக்குதான். நெழலு இல்லாம நம்ம பயக்க எதப் பாத்துப் பழகுவானுவ? அந்த ஆளு நாளைக்கு சாயங்காலம் பஸ்ஸுக்குப் போயிருவாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு புடிச்சு நில்லும்."

"நான் எங்கலே விடுதேன்" என்றார் பெர்க்மான்ஸ். "விடத் தெரிஞ்சா விட்டிருக்க மாட்டனா?"

ததேயுஸ் தனியாகப் போய்ச் சொன்னானே தவிர, சொன்னது நாங்கள் எல்லாரும்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு கஜபதி வரும்போதே முழங்கால் வீங்கியிருந்தது. கடல் பக்கத்துக் கோலுக்கு முன்னால் பெர்க்மான்ஸ் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். சூரியன் அவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, அவருடைய நிழலும் மற்றதும் அவருக்கு முன்னால் நீண்டு கஜபதியின் கால் வரைக்கும் கிடந்தன. கஜபதி தன் நிழல் மேலேயே ஓடி வந்தார், பந்தை இழந்தார், திரும்பிப் போனார், மறுபடி வந்தார். ஐந்தரை மணிக்கு ஒரு தடவை விழுந்தார், எழுந்திருக்க நேரமாயிற்று. ஆறு மணி பஸ் வந்து நிறுத்தத்தில் நின்று ஹாரன் அடித்தது, டிரைவரும் இறங்கி வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"கடசி ஒரு தபாண்ணே" என்றார் கஜபதி.

பெர்க்மான்ஸ் கையைக் கொஞ்சம் விரித்து, முழங்காலைத் தளர்த்தி நின்றார். கஜபதி வந்தார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நொண்டிக்கொண்டே வந்தார். இரண்டடி தூரத்தில் நின்று பந்தின்மேல் இடது காலை வைத்தார். இடுப்பு அசையவில்லை. அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம்தான், அதற்குள்ளே கேவலும் இருந்தது, கேவலுக்குள்ளே சிரிப்பு மாதிரி ஒன்றும் இருந்தது. இருபத்தேழு வருஷமாக விளக்கு வெளிச்சத்தில் தன்னோடு உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு குரல் இருக்கிறது என்பது பெர்க்மான்ஸுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இது யார் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது அவருக்கு. அவ்வளவுதான். வேறு எண்ணம் எதுவும் இல்லை, இருந்திருந்தால் நிழல் கண்டுபிடித்திருக்கும். அவர் தலையை நிமிர்த்தினார்.

சூரியன் முழுக்க கஜபதியின் முகத்தில் அடித்தது. வெள்ளைத் தாடி முளைத்த கன்னம், ஒரு பல் இல்லை, வலது புருவத்தில் பழைய தையல் தழும்பு, வியர்வையும் கண்ணீரும் பிரிக்க முடியாமல் ஒழுகிக்கொண்டிருந்த, ரொம்பக் களைத்த, ரொம்பச் சாதாரணமான ஒரு முகம். பெர்க்மான்ஸ் அதைப் பார்த்தார். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், ஒரு பக்கத்துக் காதிலிருந்து மறு பக்கத்துக் காது வரைக்கும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனித முகத்தை அவசரமில்லாமல், வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கஜபதியின் முகம் வலது பக்கம் போவதாகச் சொன்னது, அவர் நம்பினார். பந்து அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவே போனது, கஜபதி இடது பக்கமாக அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

பெர்க்மான்ஸ் மெதுவாகத் திரும்பினார். தன்னைத் தாண்டிப் போகிறவனின் முதுகு எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சட்டைக் காலருக்குக் கீழே தையல் விட்டிருந்தது, பின்தலையில் இன்னும் கொஞ்சம் சுருட்டை முடி மிச்சம் இருந்தது. கஜபதி சூரியனைப் பார்த்து ஓட, அவர் குதிகாலிலிருந்து ஒரு நிழல் பின்னால் நீண்டு பெர்க்மான்ஸின் கால்வரை கிடந்தது, முழங்கால் மடங்காமல், அந்த நொடியிலேயே இருபத்தேழு வயது கூடி, லேசாக நொண்டிக்கொண்டு. அது அவர் காலை விட்டு நகர்ந்து நகர்ந்து தள்ளிப் போனது. கஜபதி கோலுக்குள் பந்தை அடிக்கவில்லை. நின்று, குனிந்து, கீழே பார்த்தார், பிறகு மணலில் உட்கார்ந்து அழுதார். பெர்க்மான்ஸின் நிழல் பெர்க்மான்ஸுக்குப் பின்னால், எங்கள் பக்கம் விழுந்து கிடந்தது. நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஒன்று.

"வரேண்ணே" என்றார் கஜபதி பஸ்ஸில் ஏறும்போது.

"கொழந்த கைக்கு வந்தா சொல்லு" என்றார் பெர்க்மான்ஸ். அவர் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசினார், பஸ் வளைவு திரும்பும் வரை ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். எங்கள் பையன்கள் நைஜீரியாக்காரர்களின் இடுப்பைத்தான் பார்த்தார்கள், எங்கள் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எங்கள் பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ததேயுஸ் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவதும் நின்றுவிட்டது, இனி யாருக்கு என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா கடைக்கு வந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம், பழக்கத்தில் தரையைத்தான் பார்த்தோம், ஒரு நிழல்தான் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். யார் எவர் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார் போல, நாங்கள் பேசினால் அந்தப் பக்கம் திரும்பி, ஓ, இதுதான் நீயா என்பது போலத் தலையை ஆட்டினார். தாங்க முடியாமல் நாங்களும் அவரைப் பார்த்தோம். அவருக்குப் பூனைக்கண். வெளுத்த பச்சை, கரையோரத் தண்ணீரின் நிறம். அறுபது வயது ஆள், எங்கள் ஊரில் பிறந்தவர், எங்கள் தோளில் பதினொரு தடவை ஏறி வந்தவர், அவருக்குப் பூனைக்கண் என்பது எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது.

ஸ்டெல்லா டீயை நீட்டினாள். அவர் கிளாஸை வாங்காமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஸ்டெல்லா, புளோராவுக்கு மச்சம் எந்தப் பக்கம்?"

அவள் எங்களைப் பார்த்தாள். எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"எடது பக்கம் அண்ணே," என்றாள், தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டி. "கண்ணுக்குக் கீழ. சிரிச்சா மடிப்புக்குள்ள போயிரும்."

"எடதா" என்றார் பெர்க்மான்ஸ். எங்கள் முகங்களையெல்லாம் விட்டுவிட்டு அவள் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், டீ ஆறிப்போனது, ஸ்டெல்லாவும் விரலை எடுக்கவில்லை.